பழைய கடைவீதியில் வீடு வாங்குவதும் விற்பதும்

பூவிருந்தவல்லி என்கிற நம் பூந்தமல்லி நேற்று முளைத்த ஊர் அல்ல. திருக்கச்சி நம்பிகள் அவதரித்த தலம். வெள்ளைக்காரர் காலத்தில் பட்டாளம் தங்கிய இடம். சென்னையிலிருந்து பெங்களூர் போகிற பழைய டிரங்க் ரோடு ஊரின் நடுவே செல்கிறது. இப்படிப்பட்ட ஊரில் கடைவீதியை ஒட்டிய வீடுகள் பெரும்பாலும் முன்னால் கடை, பின்னால் குடித்தனம் என்ற அமைப்பில்தான் இருக்கும். அம்பத்தூரிலோ ஆவடியிலோ லே-அவுட் போட்டு விற்ற மனையை வாங்குவது வேறு. இந்த வீடுகளை வாங்குவது வேறு. அங்கே பெரும்பாலும் ஒருவர் பெயரில் ஒரு பத்திரம் இருக்கும். இங்கே மூன்று நான்கு தலைமுறையின் சொந்தபந்தம் முழுவதும் அந்தச் சுவருக்குள் இருக்கிறது.

கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு மெட்ரோ ரயில் பாதை என்று ஆனதிலிருந்து பழைய வீடுகளை விற்கும் பேச்சு கூடியிருக்கிறது. பல வருடம் வாடகைக்குக் கடை வைத்திருக்கும் நமது சங்க உறுப்பினர்கள், “வீட்டுக்காரர் விற்கப் போகிறாராம், நாமே வாங்கிவிடலாமா?” என்று விசாரிக்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் ஒரு மூட்டை அரிசிக்கே குத்தூசி போட்டுப் பார்க்கிற வியாபாரி, ஆயுள் சம்பாத்தியத்தைப் போடும் வீட்டுக்குத் தரகர் காட்டும் ஜெராக்ஸ் நகலை நம்பி அட்வான்ஸ் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

ஸ்காட்லாந்து நாட்டிலும் ஹேடிங்டன் போன்ற பழைய சந்தை ஊர்கள் உண்டு. அங்கே 2008 டிசம்பர் 1 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. பழைய வீட்டை விற்பனைக்கு வைப்பவர், சர்வேயரைக் கொண்டு வீட்டின் நிலை என்ன, மதிப்பு என்ன என்று அறிக்கை தயாரித்து, வாங்க வருகிறவருக்குக் காட்ட வேண்டும். செலவு விற்பவருடையது. சொத்துப் பத்திரங்களுக்கு 1617-லிருந்தே அங்கே அரசாங்கப் பதிவேடு உண்டு. நம் நாட்டிலும் 1882-ம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம், தனக்குத் தெரிந்த மறைவான குறையை விற்பவர் சொல்ல வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆனால் அறிக்கை கேட்டு வாங்கும் ஏற்பாடு இல்லை. ஆகவே தேடும் வேலை முழுவதும் வாங்குகிறவர் தலையில்.

முதலில் தாய்ப்பத்திரம். அசலைப் பார்க்க வேண்டும், நகலை அல்ல. அசல் தொலைந்துவிட்டது என்றால் உடனே நம்பிவிடக் கூடாது. அது வட்டிக்குப் பணம் கொடுத்தவரின் பெட்டியில் இருக்கலாம். அடுத்தது குறைந்தது 30 வருடத்து வில்லங்கச் சான்று. கணினியில் கிடைக்கும் காலத்துக்கு முந்தையதைக் கையால் தேடித் தரச் சொல்லி சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். வில்லங்கம் ‘இல்லை’ என்று வந்ததும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். வில்லங்கச் சான்றில் தெரிவது பதிவான விஷயம் மட்டும்தான். பதியாத உயிலும், வாய்மொழிப் பாகப்பிரிவினையும், வெறுமனே பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கடனும் அதில் வராது. பவர் பத்திரத்தை வைத்துக்கொண்டு விற்பவர் வந்தால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பவர் பத்திரத்தின் மூலம் மட்டும் சொத்துரிமை கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

இதையெல்லாம்விட நமது உறுப்பினர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது பெண்பிள்ளைகளின் பங்கில்தான். நமக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர், அண்ணன் தம்பி இருவரின் கையெழுத்தோடு பஜாரில் வீடு வாங்கினார். “தங்கச்சிக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு, அதுக்குப் பாத்தியதை கிடையாது” என்று அண்ணன்காரர் சத்தியம் செய்யாத குறை. கிரையம் முடிந்த பிறகு தங்கையிடமிருந்து பாகப்பிரிவினை வழக்கு வந்தது. வழக்கு நடக்கும்வரை அந்த வீட்டை வைத்து பாங்கியில் கடனும் வாங்க முடியவில்லை, இடித்துக் கட்டவும் முடியவில்லை. தங்கையைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவர் கேட்டது அவருடைய பங்கை.

சட்டம் இதுதான். தகப்பனார் தாமே சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் இறந்தால், 1956-ம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன், மகள், மனைவி, தகப்பனாரின் தாயார் இருந்தால் அவரும், சமமான வாரிசுகள். பூர்வீகச் சொத்தில், தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 அன்று திருமணம் ஆகாமல் இருந்த மகள்களுக்கும் மகனுக்குச் சமமான உரிமை வந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்திய சட்டம், மணமானவர் ஆகாதவர் என்ற வித்தியாசத்தையும் எடுத்துவிட்டது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்தோ விற்றோ முடிந்திருந்தால் அது செல்லும். முஸ்லிம், கிறிஸ்துவக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு. அங்கும் மகளுக்குப் பங்கு உண்டு. ஆகையால் தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றை வாங்கி, அதில் உள்ள எல்லாப் பெயரும் கிரையப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறதா, அல்லது பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சீர்வரிசை கொடுத்ததெல்லாம் விடுதலைப் பத்திரம் ஆகாது.

கோயில் உள்ள ஊர்களில் அடிமனை விஷயத்தையும் கவனிக்க வேண்டும். கட்டடம் ஒருவருடையது, மனை கோயிலுடையது என்றிருக்கும்; வீட்டுக்காரர் கோயிலுக்கு அடிமனை வாடகை கட்டி வருவார். அறநிலையத் துறை ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் மனையை யாரும் விற்க முடியாது. வக்ஃபு நிலமும் அப்படியே, விற்கவே முடியாது. பழைய ரசீதுகளைக் கேட்டுப் பார்த்தால் மனை யாருடையது என்பது தெரிந்துவிடும்.

வாடகைக்கு இருப்பவருக்கே வாங்கும் முதல் உரிமை என்று நம் பஜாரில் ஒரு பேச்சு உலவுகிறது. சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. கூட்டு வாரிசுகளில் ஒருவர் தம் பங்கை விற்கும்போது மற்ற வாரிசுகளுக்குத்தான் அந்த முன்னுரிமை. ஆனால் வீடு கைமாறியதாலேயே வாடகைக்காரர் வெளியேற வேண்டியதும் இல்லை. வாங்கியவர் புது வீட்டுக்காரர் ஆகிறார், அவ்வளவே. 2019 பிப்ரவரி 22-ல் அமலுக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தை வற்புறுத்துகிறது. இன்னும் வாய்ப்பேச்சில் கடை நடத்துபவர்கள் வீடு விற்பனைக்கு வருமுன்பே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

பணக் கணக்குக்கு வருவோம். 2023 ஏப்ரல் முதல் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் கூடுதல் தீர்வையும் சேர்ந்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். வழிகாட்டி மதிப்பு 60 லட்சம் என்றால் 5,40,000 ரூபாய். விலை பேசும்போதே இதைச் சேர்த்துப் பார்க்காதவர்கள் கடைசி வாரத்தில் கந்துவட்டிக்கு ஓடுகிறார்கள். கிரையத் தொகை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குபவர் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரிக் கணக்கில் கட்ட வேண்டும். வீட்டுக்கான அட்வான்ஸை 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது 2015 ஜூன் முதல் கூடாது. மீறினால் வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம். விற்கிற அன்பர்கள் இதை மறக்க வேண்டாம்.

‘பத்திரத்தில் குறைத்துப் போடலாம், மீதியைக் கையில் கொடுங்கள்’ என்று கேட்பவர் இன்றும் உண்டு. சட்டத்தை விட்டுவிட்டு வெறும் கணக்காகவே பாருங்கள். 80 லட்சம் கொடுத்து 60 என்று எழுதிய வீட்டை நாளை ஒரு கோடிக்கு விற்றால், உண்மை லாபம் 20 லட்சம். வரி கட்ட வேண்டியதோ 40 லட்சத்துக்கு. இன்றைய விற்பவரின் வரியை நாளை நாம் கட்டுகிறோம். பாங்கியும் பத்திரத்தில் உள்ள தொகையைப் பார்த்துத்தான் கடன் கொடுக்கும்.

விலை முடிந்ததும் கிரைய ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் இது கட்டாயம். கெடு தேதியைப் போட வேண்டும். அந்தத் தேதியிலிருந்து 3 வருடத்துக்குள் கோர்ட்டுக்குப் போகாவிட்டால், கிரையம் செய்து தரச் சொல்லிக் கேட்கும் உரிமை போய்விடும்.

ஒப்பந்தம் எழுதும் முன் டேப் பிடித்து மனையை அளக்க வேண்டும். பழைய பத்திரங்களில் நான்கு எல்லையிலும் இறந்து போனவர்களின் வீடுகள்தான் இருக்கும். பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் என்று ஒரு வரியும் இருக்கும். இடித்துக் கட்டுகிற எண்ணம் இருந்தால், அந்தப் பொதுச் சுவர்க்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசி எழுதி வாங்க வேண்டும். கிரையம் ஆன பிறகு பட்டா, சொத்துவரி, மின் இணைப்பு மூன்றிலும் பெயர் மாற்ற வேண்டும். வீட்டில் வேறு வாடகைக்காரர் இருந்தால், அவர் பழைய வீட்டுக்காரரிடம் கொடுத்து வைத்த அட்வான்ஸை யார் திருப்பித் தருவது என்பதைக் கிரையப் பத்திரத்திலேயே ஒரு வரி எழுதி, அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும்.