பின்செல்ல மறுக்கும் வண்டி

முன்னேறுதலை யாவரும் புகழ்வர். பின்னிடுதலைப் புகழ்வார் அரியர். ஆயினும், ஒருபுறம் மலையும் மறுபுறம் பள்ளமுமாக அமைந்த குறுகிய தடத்திற் சென்று, எதிரே பாறை சரிந்து வழியடைத்திருக்கக் கண்டவனை வினவின், பின்செல்லும் ஆற்றலின் அருமையை அவன் உரைப்பான்.

ஏ.டி.வி. எனப்படும் ஊர்தி, சேற்றிலும் மணலிலும் மேட்டிலும் செல்லுதற்கென இயற்றப்பட்டது. 1970-இல் ஹோண்டா கம்பெனியார் மூன்று சக்கர வண்டியொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தனர். 1982-இல் சுசூகி கம்பெனியார் நான்கு சக்கர வண்டியை வெளியிட்டனர். இன்று நியூஜிலாந்தின் ஆட்டுப் பண்ணைகளில் இது மேய்ப்பர்க்கு அன்றாடத் துணையாக விளங்குகின்றது. அந்நாட்டுச் சரிவுகளில் இவ்வண்டி கவிழ்ந்து உயிர் துறந்தோரும் பலர். ரிவர்ஸ் கியர் விழாதபோது ஓட்டுநர் சரிவின் குறுக்கே வண்டியைத் திருப்ப முயல்வர். கவிழ்தற்கு அதுவே ஏதுவாகும். ஆதலின் இப்பழுதை ஆராய்தல் வீண் பொழுதுபோக்கன்று.

முதற்கண் கியரின் இயல்பை நோக்குவாம். இரண்டு பற்சக்கரங்கள் கோத்துச் சுழலுங்கால், ஒன்று வலமாகச் சுழலின் மற்றொன்று இடமாகச் சுழலும். இடையே மூன்றாவதொன்றைப் புகுத்தினால், இறுதிச் சக்கரம் திசைமாறிச் சுழலும். ரிவர்ஸ் கியரின் மருமம் இவ்வளவே.

ஆனால், முன்னோக்கி ஓடும் வண்டியில் இந்தக் கியர் தவறி விழுமாயின் பற்கள் சிதையும். ஓட்டுநர்க்கும் தீங்கு நேரும். ஆகவே இதற்கு மட்டும் ஒரு தாழ் அமைத்துள்ளனர். காலால் கியர் மாற்றும் வண்டிகள் பலவற்றில், கைப்பிடியருகேயுள்ள குமிழை இயக்கினால், கேபிள் ஒன்று எஞ்சின் பக்கத்துள்ள சிறு நெம்புகோலை இழுக்கும், தாழ் விலகும், அதன் பின்னரே மிதிக்குக் கியர் இசையும். பெல்ட்டினால் இயங்கும் வண்டிகள் சிலவற்றில், பிரேக்கை அழுத்தினாலன்றிக் கியர்த்தடி நகராது. எனவே, கெட்டது கியரோ தாழோ என்பதே நாம் வினவவேண்டிய முதல் வினா.

இனி, ஆராயும் முறை வருமாறு:

முதலாவது, வண்டியைச் சமநிலத்தில் முற்றிலும் நிறுத்தி, அதற்குரிய கைந்நூல் கூறும் வரிசைப்படி முயல்க. பல்லுக்கு நேரே பல் நின்றாலும் கியர் விழாது. எஞ்சினை அணைத்து, வண்டியைக் கையால் சிறிது முன்னும் பின்னும் அசைத்து மீண்டும் முயல்க.

இரண்டாவது, எஞ்சின் அணைந்திருக்க, நண்பரொருவர் குமிழை இயக்கும்போது மறுமுனையிலுள்ள நெம்புகோலைக் கூர்ந்து நோக்குக. அது முழுதும் நகராவிடின், கேபிள் தளர்ந்ததாகவோ துருவேறியதாகவோ இருக்கலாம். நெம்புகோலைக் கையாலேயே முழுதும் தள்ளிப் பார்க்கும்போது கியர் விழுமாயின், கியர் குற்றமற்றது, குற்றம் கேபிளினுடையது. தளர்ச்சியைத் திருகிச் சரிசெய்க, துருவேறியதை மாற்றுக.

மூன்றாவது, பெல்ட் வண்டியில் கியர் மாற்றுகையில் நறநறவென ஓசை எழுமாயின், எஞ்சினின் ஐடில் வேகம் மிகுந்துள்ளதா என்று பார்க்க. வேகம் மிகுந்தால் பெல்ட் ஓயாது இழுக்க, உள்ளே தண்டு சுழன்றுகொண்டேயிருக்கும். சுழலும் பற்கள் கோக்க மறுக்கும். கியர்த்தடியை இணைக்கும் கம்பியின் மூட்டுத் தேய்மானத்தையும் நோக்குக.

நான்காவது, ஆயிலின் அளவையும் நிறத்தையும் காண்க. பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்துள்ளதென்று அறிக.

ஐந்தாவது, பழுதல்லாதவற்றைப் பழுதெனக் கொள்ளற்க. வண்டி பின்செல்ல, விளக்கு மட்டும் எரியாவிடின், குறை பெரும்பாலும் ஸ்விட்சிலோ கம்பியிலோ பல்பிலோ உள்ளது. பின்செல்லுகையில் ஒரு வேகத்துக்குமேல் எஞ்சின் திக்கித் தடுமாறுதல், பல வண்டிகளில் காவலுக்கென வேண்டுமென்றே அமைத்த வரம்பாகும்.

கியர் விழுந்தும், பாரம் ஏறியவுடன் ‘டக்’கென்று கழன்றுவிடுமாயின், சக்கரங்களை நகர்த்தும் கவைக்கோல் வளைந்தோ, பற்கள் முனை மழுங்கியோ இருத்தல் கூடும். அப்பொழுதே பெட்டியைத் திறத்தல் வேண்டும். அது பழகிய மெக்கானிக்கின் தொழில். இதனிடையே மிதியை உதைத்துக் கியரைத் திணிப்பது, சிறு பழுதைப் பெரும் பழுதாக்கும்.

தமிழ் பயிலும் மாணவனுக்கு இயந்திரத்தில் என்ன வேலை என்று நண்பர் வினவக்கூடும். செய்யுளடியொன்று பொருள்படாதபோது, ஏட்டில் பிழையென்று உடனே கூறாது, யாம் பதம் பிரித்த முறை சரிதானோ என்று முன்னர்ப் பார்க்கவேண்டுமென எம் ஆசிரியர் கற்பித்தனர். புறத்தேயுள்ள கேபிளைப் பாராது பெட்டியைப் பிளப்பவன், பதம் பிரிக்கத் தெரியாமல் பாடத்தைத் திருத்துபவனை ஒப்பான். இருவரும் நல்லதைக் கெடுப்பர். கையருகே தொடங்கி, ஒவ்வொரு படியாக உள்நோக்கிச் செல்லுக, வண்டி பின்செல்லும்.