அடுப்படியில் இருக்கும் போர்க்கால வரலாறு

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் இரண்டாம் உலகப்போர் பாடத்தை நடத்தும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். மாணவர்களுக்குப் போர் என்பது எங்கோ ஐரோப்பாவில் நடந்த செய்தி. ஆண்டுகளையும் தலைவர்களின் பெயர்களையும் தேர்வில் சரியாக எழுதிவிடுவார்கள். அந்த ஆண்டுகளில் நம் ஊரில் என்ன சமைத்தார்கள் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

நான் பணிபுரிவது செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில். உழவர், மீனவர், கல் வேலை செய்வோர் வீட்டுப் பிள்ளைகளே இங்கு மிகுதி. இரண்டு ஆண்டுகளாக இப்பாடத்தோடு ஒரு செயல்பாட்டைச் சேர்த்து நடத்திவருகிறேன். குடும்பத்தில் வழிவழியாக வரும் ஒரு சமையல் குறிப்பை வரலாற்றுச் சான்றாக வாசிப்பதே அச்செயல்பாடு. அதன் முறையையும் பயனையும் ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

உலகிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

பாடத்தில் வரும் யூத இனப்படுகொலைப் பகுதியிலிருந்தே தொடங்கலாம். செக் நாட்டில் உள்ள தெரசியன்ஸ்டாட் என்ற கோட்டை நகரை நாஜிகள் யூதர்களை அடைத்துவைக்கும் இடமாக மாற்றினர். அங்கு கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் 1,40,000 பேர். அவர்களில் சுமார் 33,000 பேர் பசியாலும் நோயாலும் அங்கேயே இறந்தனர். ஏறத்தாழ 88,000 பேர் ஆஷ்விட்ஸ் போன்ற கொலைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர்.

அங்கிருந்த பெண்கள் சிலர் தங்கள் வீட்டுச் சமையல் குறிப்புகளைக் கிடைத்த தாள்களில் எழுதினர். வயிற்றுக்கு ஒன்றும் இல்லாத இடத்தில் முட்டையும் வெண்ணெயும் சேர்த்துச் செய்யும் கேக் வகைகளை நினைவிலிருந்து சொல்லிச் சொல்லி எழுதினர். உணவைப் பற்றிய இந்தப் பேச்சுக்கு அவர்களே வைத்த பெயர் ‘வாயால் சமைப்பது’. அவர்களுள் ஒருவரான மினா பெக்டர் 1944-இல் பட்டினியால் இறந்தார். இறப்பதற்கு முன், தன் மகளிடம் சேர்க்கும்படி அந்தத் தாள்களை நண்பர் ஒருவரிடம் கொடுத்தார். அவை பல கைகள் மாறி, 25 ஆண்டுகள் கழித்து 1969-இல் நியூயார்க்கில் வாழ்ந்த மகள் அன்னி ஸ்டெர்னின் கைக்கு வந்தன. 1996-இல் அமெரிக்காவில் நூலாகவும் வெளியாயின.

இதை வகுப்பில் சொன்ன பிறகு மாணவர்களிடம் ஒரு செய்தியைச் சிந்திக்கத் தருகிறேன். அக்குறிப்புகள் சிலவற்றில் பொருளோ செய்முறையோ விடுபட்டிருக்கிறது. அப்படியே சமைத்தால் பண்டம் சரியாக வராது. அப்படியானால் அக்குறிப்புக்கு மதிப்பு இல்லையா? சிறிது நேரத்தில் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்: “விட்டுப்போனதுதான் சார் அவங்க எவ்வளவு பசியில இருந்தாங்கன்னு காட்டுது.” வரலாற்றுச் சான்றை வாசிக்கும் முறை அந்த விடையிலேயே அடங்கியிருக்கிறது. இருப்பதை மட்டுமின்றி இல்லாததையும் வாசிக்க வேண்டும்.

நம் கடற்கரைக்கு வந்த போர்

அடுத்த பாடவேளையில் நம் பகுதிக்கு வருகிறோம். முதல் உலகப்போரின்போது, 1914 செப்டம்பர் 22 அன்று ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டுவீசி எரித்தது. சாமர்த்தியக்காரரை ‘சரியான எம்டன்’ என்று சொல்லும் வழக்கு இன்றும் வீடுகளில் உண்டு. போர் பேச்சில் தங்கிவிடும் என்பதற்கு இது எளிய சான்று.

இரண்டாம் உலகப்போரில் 1942 மார்ச் மாதம் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. பர்மாவிலிருந்து சுமார் 5 லட்சம் இந்தியர்கள் கால்நடையாகவும் கப்பலிலும் வெளியேறினர். வழியிலேயே பல்லாயிரம் பேர் மாண்டனர். அவர்களில் தமிழர்கள் ஏராளம். பர்மா அரிசி வரத்தும் நின்றது. அந்த அரிசியை நம்பியிருந்த சென்னை மாகாணத்தில் தட்டுப்பாடு ஏற்பட்டது. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையில் இருந்தே தீர வேண்டிய தேவை இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று அரசு அறிவித்தது. நகரம் வெறிச்சோடியது. ரயில் சந்திப்பான செங்கல்பட்டு வழியாகக் குடும்பம் குடும்பமாக மக்கள் தெற்கேயும் மேற்கேயும் சென்றனர்.

பின்னர் 1943-இல் பங்கீட்டு முறை வந்தது. அரிசி அளந்து தரப்பட்டது. கோதுமையும் சிறுதானியமும் அதோடு சேர்ந்தன. உணவுக் கட்டுப்பாடுகளை 1952-இல் முதலமைச்சர் ராஜாஜி நீக்கும்வரை வெவ்வேறு வடிவில் அது நீடித்தது. பெங்களூர் எம்.டி.ஆர். உணவகத்தார் தங்கள் ரவா இட்லி அந்தக் கால அரிசித் தட்டுப்பாட்டில் பிறந்தது என்று சொல்லிவருகின்றனர். இவ்வளவும் தெரிந்தபின் மாணவர்கள் வீட்டுக்குப் போய்க் கேள்வி கேட்கத் தயாராகிவிடுகிறார்கள்.

செயல்பாடு: நான்கு பாடவேளைகள்

முதல் இரண்டு பாடவேளைகளில் மேற்கண்ட பின்னணி. அடுத்து வரும் சனி, ஞாயிறு நாள்களில் வீட்டிலோ தெருவிலோ உள்ள மூத்தவர் ஒருவரிடம் பேச வேண்டும். ஏட்டில் எழுதிக்கொள்ள ஆறு வினாக்கள் தருகிறேன்:

1. தட்டுப்பாட்டுக் காலத்தில் செய்து, இன்றும் நினைவில் உள்ள உணவு எது?
2. அதில் என்னென்ன போட்டார்கள்? எந்த அளவையால் அளந்தார்கள்?
3. வழக்கமாகப் போட வேண்டியது எது அப்போது இல்லை? அதற்குப் பதிலாக எதைப் போட்டார்கள்?
4. யார் சமைத்தார்? யார் கடைசியில் சாப்பிட்டார்?
5. அது எந்த மாதம், எந்தப் பருவம்? அருகில் என்ன பண்டிகை?
6. இதைச் சொல்லிக்கொடுத்தவர் யார்? இப்போது வீட்டில் யாருக்குத் தெரியும்?

மூன்றாம் வினாவே இச்செயல்பாட்டின் உயிர். மூன்றாம் பாடவேளையில் குழுவாக அமர்ந்து, மூத்தவர் சொன்னதைப் பாடநூலில் உள்ள ஆண்டுகளோடு ஒப்பிடுகிறார்கள். நான்காம் பாடவேளையில் ஒவ்வொரு குழுவும் ஒரு பக்கம் எழுதுகிறது. ‘அவர் சொன்னது’, ‘நாங்கள் உறுதிசெய்தது’, ‘நாங்கள் ஊகிப்பது’ என்று அப்பக்கத்தில் மூன்று பகுதிகள் கட்டாயம் இருக்க வேண்டும். மதிப்பெண் உணவுக்கு அல்ல, இந்தப் பிரிப்புக்கே.

ஒரு சான்றை ஆராய்ந்த விதம்

ஒரு மாணவியின் கொள்ளுப்பாட்டி தொண்ணூறைக் கடந்தவர். சண்டைக் காலத்தில் சென்னையிலிருந்து அம்மாவோடு வந்ததைச் சொன்னார். ஆண்டு தெரியவில்லை. ஆனால் புதிதாகப் போட்ட மாவடு ஜாடியைத் துணியால் கட்டி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தது நன்றாக நினைவிருந்தது. அதே மூச்சில், உறவினர் வீட்டில் அரிசியோடு சோளக் குருணை கலந்து பொங்கியதையும், ரேஷனில் வந்த கோதுமையை என்ன செய்வதென்று தெரியாமல் கஞ்சியாகக் காய்ச்சியதையும் சொன்னார்.

குழுவினர் இதை அலசினர். மாவடு போடுவது பங்குனி, சித்திரையை ஒட்டிய காலம். 1942 ஏப்ரல் வெளியேற்றத்தோடு அது பொருந்துகிறது. ஆனால் பங்கீடு வந்தது 1943-இல். அப்படியானால் பாட்டியின் நினைவில் இரண்டு காலங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. “பாட்டி தப்பாகச் சொல்கிறாரா?” என்று ஒருவர் கேட்டார். மற்றொருவர், “ரெண்டுமே நடந்ததுதான், நெனப்புல ஒண்ணாச் சேர்ந்திருக்கு” என்றார். வாய்மொழி வரலாற்றின் வலிமையும் வரம்பும் இதில் ஒருசேரத் தெரிந்தன.

அளவைகளும் உதவும். ஆழாக்கு, படி, பலம், வீசை ஆகியவை மெட்ரிக் முறைக்கு முந்தியவை. ஆனால் மெட்ரிக் முறை வந்தபின்னும் வீடுகளில் பழைய சொற்கள் நெடுநாள் வழங்கின. எனவே அது குறிப்பு மட்டுமே, முடிவான சான்று ஆகாது. பர்மா உணவுகளான அத்தோவையும் மொய்ங்காவையும் குறிப்பிடும் குடும்பங்களிடமும் காலத்தைக் கேட்க வேண்டும். 1942-இல் நடந்து வந்தவர்களும் உண்டு; 1960-களில் பர்மா அரசு கடைகளை நாட்டுடைமையாக்கிய பிறகு கப்பலில் திரும்பியவர்களும் உண்டு.

கவனத்துடன் கேட்க வேண்டியவை

போர் எல்லார் வீட்டிலும் பழங்கதை அல்ல. இலங்கையிலிருந்து வந்த குடும்பத்து மாணவி ஒருவர் தாமாகவே முள்ளிவாய்க்கால் கஞ்சியைப் பற்றி எழுதலாமா என்று கேட்டார். 2009 மே மாதம் போரின் கடைசி நாள்களில் முல்லைத்தீவுக் கரையில் சிக்கியிருந்த மக்களை உயிரோடு வைத்திருந்தது அந்தக் கஞ்சி. இன்று ஆண்டுதோறும் மே மாதத்தில் அதைக் காய்ச்சிப் பகிர்ந்து, இறந்தவர்களை நினைவுகூர்கின்றனர். அவருடைய சித்தி கைபேசியில் சொன்ன செய்முறை ஒரே வரி: அரிசி, தண்ணீர், உப்பு, தேங்காய்ப்பால் கிடையாது.

அந்த வரியைத் தெரசியன்ஸ்டாட் குறிப்புகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அங்கே, இழந்துபோன நல்ல நாள்களின் உணவை எழுதிவைத்தார்கள். இங்கே, கையில் எஞ்சிய உணவையே மாற்றாமல் காக்கிறார்கள். இன்று தேங்காய்ப்பால் கிடைத்தாலும் அந்தக் கஞ்சியில் சேர்க்க வேண்டாம் என்று நினைப்பவர்களின் மனத்தை மாணவர்கள் புரிந்துகொண்டார்கள்.

அந்த மாணவியின் தாயார், பக்கத்தைச் சுவரில் ஒட்ட வேண்டாம் என்றார். ஒட்டவில்லை. ஆசிரியர்கள் இவற்றை முதலிலேயே உறுதிசெய்வது நல்லது: எந்த மாணவரையும் வீட்டுத் துயரத்தை எழுதும்படி வற்புறுத்தக் கூடாது, தெருவில் வேறொருவரிடம் கேட்டு எழுத வாய்ப்புத் தர வேண்டும், பெயரை வெளியிடலாமா என்று சொன்னவரிடமே கேட்க வேண்டும், மூத்தவர் பேச்சை நிறுத்தினால் மாணவரும் நிறுத்த வேண்டும், வறுமையின் உணவைக் கேலி செய்ய வகுப்பில் இடம் தரக் கூடாது.

தொடக்க வகுப்புகளுக்கு

நான்காம், ஐந்தாம் வகுப்பில் போரைப் பற்றிப் பேசாமலே இதைச் செய்யலாம். “பாட்டி சின்ன வயதில் சாப்பிட்டது, இப்போது நாம் சாப்பிடாதது எது?” என்று ஒரு கேள்வி போதும். பெயர், பொருள்கள், செய்முறை ஆகியவற்றை ஐந்து வரிகளில் எழுதுவது மொழிப்பாடம். எட்டு ஆழாக்கு ஒரு படி என்று அளந்து பார்ப்பது கணக்குப் பாடம்.

1942-இல் பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது தொண்ணூறுக்கு மேல். அவர்கள் சொல்லக் கேட்கும் வாய்ப்பு நம் மாணவர்களோடு முடிந்துவிடும். இந்தப் பருவத்திலேயே ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். ஏடும் பென்சிலும் தவிர வேறு செலவு இல்லை. எழுதியவற்றைத் தைத்து ஒரு படியைப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். இன்னொரு படியைச் சொன்னவர் வீட்டில் கொடுங்கள்.