காலனி எண்ணும் கருவி: வாங்கும் முன் தட்டைப் பாருங்கள்

பால், குடிநீர், மசாலாத்தூள், மாத்திரை என எதைச் சோதித்தாலும், அதில் எத்தனை நுண்ணுயிர் உயிரோடு இருக்கிறது என்ற கேள்விக்கு விடை இன்றும் பெரும்பாலும் அகர் தட்டில்தான் கிடைக்கிறது. 1887-ல் ஜெர்மனியின் ரிச்சர்ட் பெட்ரி மூடியுள்ள தட்டை அறிமுகப்படுத்தினார். அன்றிலிருந்து வேலையின் அடிப்படை மாறவில்லை: மாதிரியை நீர்த்து, தட்டில் இட்டு, இன்குபேட்டரில் வளர்த்து, வந்த காலனிகளை எண்ண வேண்டும். எண்ணுவதற்குத்தான் இப்போது பல வழிகள். விளக்கும் லென்சும் உள்ள சாதாரண கவுண்டர், புகைப்படத்தோடு இலவச மென்பொருள், கேமரா பொருத்திய தானியங்கிக் கருவி, இன்குபேட்டரையும் கேமராவையும் ஒன்றாக்கிய பெரிய அமைப்பு என்று நான்கைச் சொல்லலாம். விற்க வருபவர்கள் முதலில் எடுத்து வைப்பது 'துல்லியம்' என்ற வாதத்தை. அந்த ஒரு காரணத்துக்காகக் கருவி வாங்க வேண்டாம் என்பதே என் கட்சி.

கணக்கைப் பார்ப்போம். எண்ணத்தக்க தட்டு என்று ஏற்கப்படுவது 25 முதல் 250 காலனி வரை. சில முறைகளில் 30 முதல் 300 வரை. நுண்ணுயிர்கள் தட்டில் தற்செயலாக வந்து விழுவதால், எண்ணிக்கை அதன் வர்க்கமூலத்தின் அளவுக்கு இயல்பாகவே ஏறி இறங்கும். 25 காலனிக்கு அந்த ஏற்றஇறக்கம் 5, அதாவது 20 சதவீதம். 100 காலனிக்கு 10 சதவீதம். 250-க்குப் போனாலும் 6 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. ஒவ்வொரு டைலூஷனிலும் பிப்பெட் சேர்க்கும் பிழை தனி. எண்ணுபவரின் பிழை எவ்வளவு? ஒருவர் தான் எண்ணிய தட்டையே மறுபடி எண்ணினால் 5 சதவீதத்துக்குள்ளும், இன்னொருவர் எண்ணினால் 10 சதவீதத்துக்குள்ளும் ஒத்துப்போக வேண்டும் என்பது அமெரிக்க நீர்ச்சோதனைக் கையேடான 'ஸ்டாண்டர்ட் மெத்தட்ஸ்' வைக்கும் எதிர்பார்ப்பு. 40 காலனி உள்ள ஒரு தட்டில் தற்செயல் பிழை 16 சதவீதம். அதோடு கண்ணின் 5 சதவீதம் சேர்ந்தால் மொத்தம் 21 ஆகாது. இத்தகைய பிழைகள் வர்க்கமாகித்தான் கூடும் என்பதால் 17-ஐக்கூடத் தாண்டாது. கண்ணின் பிழையை அடியோடு ஒழித்தாலும் லாபம் அவ்வளவுதான். துல்லியம்தான் வேண்டும் என்றால், ஒவ்வொரு மாதிரிக்கும் இன்னொரு தட்டு கூடுதலாகப் போடுவதில் அதைவிடப் பலன் உண்டு.

காலையில் எண்ணும் கண்ணும் மாலையில் இருநூறாவது தட்டை எண்ணும் கண்ணும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல. அந்த 5 சதவீதம் களைப்பில்லாத கண்ணுக்கான கணக்கு. நாள் முழுக்கத் தட்டு வந்து குவியும் லேபில் களைப்பு பெரிய விஷயம். அதைவிடப் பெரியது பதிவு. கையால் எண்ணியதற்கு மிஞ்சுவது நோட்டுப் புத்தகத்தில் ஓர் எண் மட்டுமே. தட்டு அழிக்கப்பட்ட பிறகு அதை யாரும் சரிபார்க்க முடியாது. கருவியிடம் படம் இருக்கும்; யார், எப்போது எண்ணினார், எண்ணைத் திருத்தினாரா என்ற தடமும் இருக்கும். அமெரிக்காவுக்கு மருந்து அனுப்பும் ஆலைகளுக்கு, மின்னணுப் பதிவுகள் பற்றிய 1997-ஆம் ஆண்டு விதி இந்தத் தடத்தைக் கட்டாயமாக்குகிறது. கருவி வாங்க இது நியாயமான காரணம்.

ஆனால் கருவியின் பிழைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மனிதர் ஒரு தட்டில் கூட்டி எண்ணுவார், அடுத்ததில் குறைத்து எண்ணுவார்; சராசரியில் ஓரளவு சரியாகிவிடும். கருவி பெரும்பாலும் ஒரே பக்கம் சாயும். ஒட்டி வளர்ந்த இரண்டு காலனிகள் 8 போலத் தெரியும். நடுவில் ஒடுங்கிய இடத்தைப் பார்த்ததுமே கண் 'இரண்டு' என்று சொல்லிவிடும். மென்பொருள் அந்த ஒடுக்கத்தைக் கணக்கிட்டுப் பிரிக்க முயலும். நெரிசலான தட்டில் பலமுறை தோற்கும். அதனால் எண்ணிக்கை ஏற ஏற அது குறைத்தே சொல்லும். விதிக்கப்பட்ட வரம்பை ஒட்டி நிற்கும் மாதிரிக்கு இது ஆபத்து: தேறக்கூடாதது தேறிவிடும். மிளகுத்தூள், மஞ்சள்தூள் மாதிரிகளில் கதை தலைகீழ். குறைவாக நீர்த்த தட்டில் தோல் துணுக்குகள் கரும்புள்ளிகளாகக் கிடக்கும். கருவி அவற்றையும் காலனியாகச் சேர்த்துக்கொள்ளும். டெட்ரசோலியம் உப்பு கலந்தால் காலனிகள் சிவந்து தனித்துத் தெரியும் என்பது பழைய உத்தி. சில கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்களின் வளர்ச்சியை அதுவே தடுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. இந்தச் சாய்வை விளம்பரத் தாளில் உள்ள ஒட்டுறவுக் கெழு காட்டாது. எல்லாத் தட்டிலும் 15 சதவீதம் குறைத்தே எண்ணும் கருவிக்கும் 0.99 கிடைக்கும். இரண்டு அளவீடுகளை ஒப்பிடுபவர் பார்க்க வேண்டியது அவற்றின் வித்தியாசத்தை என்று பிளாண்டும் ஆல்ட்மேனும் 1986-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். காலனி எண்ணிக்கைக்கும் அது அப்படியே பொருந்தும்.

ஆகவே தேர்வு தட்டிலிருந்து தொடங்க வேண்டும். தினம் பத்திருபது தட்டு, அதிலும் பலவகை உணவு மாதிரிகள் என்றால் சாதாரண கவுண்டரே போதும். இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஒரே இனத்தை மேற்பரப்பில் பரப்பி வளர்க்கும் ஆராய்ச்சி லேபுக்கு, 2013-ல் வெளியான ஓப்பன்சிஎஃப்யு, அமெரிக்கச் சுகாதார நிறுவனத்தின் இமேஜ்ஜே போன்ற இலவச மென்பொருள்கள் தாராளம். கேமராவை ஒரே உயரத்தில் நிறுத்தி, வெளிச்சத்தைப் பரவலாக அமைத்தாக வேண்டும். இல்லையென்றால் டியூப்லைட்டின் பிரதிபலிப்பும் காலனியாகிவிடும். தட்டுக்குத் தட்டு அமைப்புகளை மாற்றுபவர் கண்ணால் எண்ணுவதைத்தான் சுற்றிவளைத்துச் செய்கிறார். ஸ்பைரல் முறையில் மாதிரியின் அளவு நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் குறைந்துகொண்டே போகும். பகுதி பகுதியாக எண்ணி, அந்தப் பகுதியில் விழுந்த மாதிரியின் கன அளவால் வகுக்க வேண்டும். தானியங்கிக் கருவி முழுப்பலன் தரும் இடம் அது. உருகிய அகரை ஊற்றிச் செய்யும் தட்டில் காலனிகள் வெவ்வேறு ஆழத்தில் சிறு லென்ஸ் வடிவில் புதைந்திருக்கும். கருவி தடுமாறுவதும் அங்கேதான். இன்குபேட்டரோடு இணைந்த அமைப்பு மணிக்கணக்கில் படம் எடுத்துக்கொண்டே இருப்பதால், ஒட்டுவதற்கு முன்பே இரண்டு காலனிகளைத் தனித்தனியாகப் பார்த்துவிடும். மிளகுத் துணுக்கு வளராது என்பதும் அதற்குத் தெரியும். மேலே சொன்ன சாய்வுக்கு உண்மையான மருந்து இதுதான். விலைதான் இடிக்கும். நுண்ணுயிர் நீக்கிய ஊசிமருந்து ஆலையில் வரும் தட்டுகளில் பெரும்பாலானவை வெறுமையாக இருக்கும். 'ஒன்றாவது இருக்கிறதா' என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை கிடைப்பது அங்கே அந்த விலைக்குத் தகும்.

செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் தீர்த்துவிட்டது என்பது அடுத்து வரும் வாதம். ஒட்டிய காலனிகளைப் பிரிப்பதில் அது பழைய மென்பொருளைவிடக் கெட்டி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அது பார்த்ததைத்தான் அறியும். 2021-ல் வெளியான அகர் என்ற பொதுத் தரவுத்தொகுப்பில் 18,000 படங்கள் இருக்கின்றன. நுண்ணுயிர்களோ ஐந்தே வகை. அப்படிப் பயின்ற மென்பொருள் மல்லித்தூள் தட்டில் என்ன செய்யும் என்பதை மல்லித்தூள் தட்டில்தான் சோதிக்க வேண்டும்.

அதனால் செய்முறை விளக்கத்துக்கு வருபவரிடம், அவர் கொண்டுவரும் தட்டுகளை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் லேபில் ஒரு வாரம் வரும் எல்லாத் தட்டுகளையும், பரவி வளர்ந்தது, துணுக்கு நிறைந்தது எதையும் கழிக்காமல், இரண்டு பேர் எண்ணட்டும். பிறகு கருவியும் எண்ணட்டும். வித்தியாசத்தைக் குறைந்த எண்ணிக்கைக்கும் கூடிய எண்ணிக்கைக்கும் தனித்தனியே பாருங்கள். கூடவே, கருவி சொன்ன எண்ணைக் கையால் திருத்த வேண்டி வந்த தட்டுகள் எத்தனை என்றும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்றைத் திருத்த வேண்டியிருந்தால், மிச்சமாகும் என்று சொன்ன நேரத்தில் பெரும்பங்கு அதிலேயே போய்விடும்.