அரசவைக்கு ஓர் ஓலை

நன்னூல் கற்கும் மாணாக்கர் அதன் தொடக்கத்திலுள்ள பாயிரப் பகுதியை விரைந்து கடந்து எழுத்ததிகாரத்துக்குச் சென்றுவிடுவது வழக்கம். 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் எனும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கிணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய அவ்விலக்கண நூலின் பாயிரத்திலே, ரொக்ஸ்பரோவில் இன்று வேலை தேடும் ஓர் இளைஞனுக்கும் யுவதிக்கும் உதவக்கூடிய விதியொன்று உண்டு. எத்துணை அரிய நூலை ஆக்கியவனாயினும் ஒருவன் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று முதலிற் கூறும் பவணந்தியார், அடுத்த சூத்திரத்திலேயே அதற்கு நான்கு விலக்குகளை வகுக்கின்றார். அவற்றுள் முதலாவது, அரசனுடைய அவைக்கு ஓலை விடுக்கும் வேளை. இரண்டாவது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவே நிற்கும் வேளை. ஏனைய இரண்டும் சபையில் வாதிட்டு வெல்ல வேண்டிய வேளையும் எதிராளி தன்னைப் பழிக்கும் வேளையுமாகும். அவை இங்கு எமக்கு வேண்டியதில்லை. அரசாங்க உத்தியோகத்துக்கான விண்ணப்பப் படிவம் முதலிரண்டு வேளைகளும் ஒன்றாய்க் கூடுமிடமன்றோ?

இதனை ஈண்டு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. தன்னைத் தானே மெச்சுதல் பண்பன்று என்று வீட்டிலும் வகுப்பிலும் கேட்டு வளர்ந்த எம் பிள்ளைகள், படிவத்தையும் அதே அடக்கத்துடன் நிரப்புகின்றனர். கனடா மத்திய அரசின் தெரிவுமுறையிலே அவ்வடக்கத்திற்கு மதிப்பில்லை. ஒவ்வொரு பதவிக்கும் இன்றியமையாத தகைமைகள் எவை, இருப்பின் நன்று எனக் கருதப்படுபவை எவை என்று விளம்பரத்திலேயே பிரித்து எழுதப்பட்டிருக்கும். இன்றியமையாதவை ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பதாரி சான்று காட்டவேண்டும். எழுதாத ஒன்றைப் பரிசீலிப்பவர் தாமாக ஊகித்துக்கொள்ளமாட்டார். "ஆம், எனக்கு அனுபவம் உண்டு" என்று ஒரு வரியில் முடிப்பவரும் எதுவும் எழுதாதவரும் அங்கே ஏறக்குறைய ஒன்றே.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். "பொதுமக்களுக்குச் சேவை வழங்கிய அனுபவம் உண்டா?" என்பது வினா. வார இறுதித் தமிழ்ப் பாடசாலையில் உதவி ஆசிரியராக இருந்த ஒரு மாணவி, சம்பளம் பெறாத வேலை அனுபவமாகாது என்றெண்ணி அதனை எழுதாமலே விடுகின்றாள். சம்பளம் வேண்டுமென்று விளம்பரம் கூறாதவரை தொண்டும் அனுபவமே. அவள் எழுதவேண்டியது இத்தகையது: மூன்று கல்வியாண்டுகள், சனிக்கிழமைதோறும் மூன்று மணி நேரம், ஏழு வயதுப் பிள்ளைகள் பன்னிருவருக்கு எழுத்துப் பயிற்சி அளித்தேன், பெற்றோரின் முறைப்பாடுகளைத் தமிழிலும் பிரெஞ்சிலும் கேட்டு அதிபருக்கு அறிவித்தேன், வருடாந்த விழாவின் நுழைவுச்சீட்டுக் கணக்கை இரு ஆண்டுகள் பேணினேன். எங்கே, எப்போது, எவ்வளவு காலம், என்ன செய்தேன், விளைவு யாது என்ற ஐந்துக்கும் விடை அமைந்துவிட்டது. இதிலே ஒரு சொல்லேனும் தற்பெருமையன்று. நடந்தது நடந்தபடியே எழுதப்பட்டிருக்கின்றது. நடவாததை எழுதுவதோ வேறு விடயம். 2003ஆம் ஆண்டின் அரச சேவை வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, மோசடியால் பெற்ற நியமனத்தைப் பின்னர் இரத்துச் செய்ய ஆணைக்குழுவுக்கு அதிகாரமுண்டு. பவணந்தியாரும் புகழ்தலுக்கு இடமளித்தாரேயன்றிப் பொய்க்கு இடமளித்தாரல்லர்.

மொழிப் பகுதியில் எம் பிள்ளைகள் பேறு பெற்றவர்கள். 1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனத்தால் குடிவரவாளரின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பாடசாலைகளிற் கற்கின்றனர். ஆங்கிலம் அயலிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் வந்துவிடுகின்றது. மத்திய அரசின் இருமொழிப் பதவிகளுக்கு இரண்டாம் மொழியில் வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே ஏ, பி, சி எனத் தரம் வகுக்கப்பட்டுள்ளது. எமது பிள்ளைகள் பேச்சில் வல்லவர்; பிரெஞ்சு எழுத்திலேதான் சறுக்குகின்றனர். அதற்குரிய பயிற்சியை முன்கூட்டியே தொடங்குதல் நன்று.

பெயர் எழுதும் கட்டம் சிறியதெனினும் அதிலே தொல்லை அதிகம். தந்தை பெயரை முன்னே வைத்து எழுதும் எமது வழக்கத்துக்குக் குடும்பப் பெயர், தனிப்பெயர் என்ற பாகுபாடு பொருந்துவதில்லை. கடவுச்சீட்டில் ஒருவிதம், சான்றிதழில் வேறுவிதம் என்றிருந்தால், நியமனக் கடிதத்துக்கு முன் நிகழும் பாதுகாப்புச் சோதனையிலே காலம் வீணாகும். தாய்மார்க்கு இன்னுமொன்று: 1981 முதல் கியூபெக்கில் மணமான பெண்கள் தம் பிறப்புப் பெயரையே சட்டப்படி பயன்படுத்துகின்றனர். இலங்கையில் கணவர் பெயரை ஏற்றவர்கள் தம் பத்திரங்களை ஒருமுறை ஒப்புநோக்குதல் வேண்டும். க.பொ.த. உயர்தரமும் இலங்கைப் பட்டமும் உடையோர், அவற்றின் கனடியச் சமநிலையை அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம் மதிப்பிட்டு வைத்திருத்தலும் அவசியம். பிரஜாவுரிமை பெறாதோர் விண்ணப்பிப்பது வீண் என்பது பழங்கதை. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், வெளியாருக்கு விளம்பரப்படுத்தப்படும் மத்திய அரசுப் பதவிகளில் நிரந்தர வதிவாளருக்கும் பிரஜைகளுக்குரிய அதே முன்னுரிமை உண்டு.

இனி, பெற்றோர் தயங்கும் கட்டம் ஒன்றுளது. நீர் காணக்கூடிய சிறுபான்மையினரா என்று வினவும் சுய அறிவிப்பே அது. "அதை நிரப்பாதே பிள்ளை" என்று சொல்லும் தந்தையரை நாம் அறிவோம். அவர்களைக் குறைகூற எமக்கு மனமில்லை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின், சிங்களத் தேர்ச்சி காட்டாத தமிழ் உத்தியோகத்தரின் சம்பள உயர்வு தடைப்பட்டதைக் கண்ட தலைமுறையின் மக்கள் அவர்கள். 1970களின் தரப்படுத்தலிலே, எந்த மொழியிற் பரீட்சை எழுதினாய் என்பதே பல்கலைக்கழக வாயிலைத் திறந்தது அல்லது அடைத்தது. இனமும் மொழியும் எழுதிய படிவம் எதிராகவே திரும்பும் என்ற பாடத்தை அவர்கள் விலைகொடுத்துக் கற்றார்கள்.

இங்குள்ள கட்டத்தின் நோக்கம் அதற்கு மறுதலையானது. 1986இல் முதன்முதலாக இயற்றப்பட்டு 1995இல் புதுக்கப்பட்ட வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் பெண்கள், முதற்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காணக்கூடிய சிறுபான்மையினர் ஆகிய நால்வகையினர்க்கும் இருந்துவரும் தடைகளை நீக்கும்படி பணிக்கின்றது. யார் விண்ணப்பித்தனர், எந்தப் படியில் விலக்கப்பட்டனர் என்பது இவ்வறிவிப்பின் வாயிலாகவே கணக்கிடப்படுகின்றது. சில வேளைகளில் அப்பிரிவினரைக் கருத்திற்கொண்டே தெரிவும் நடைபெறும். நிரப்புதல் கட்டாயமன்று, தகைமையாலேயே தெரிவாக விரும்புகின்றேன் என்று ஒரு பிள்ளை மறுப்பின் அது அவருடைய உரிமை. ஆயினும் தகைமை இல்லாதாரை அக்கட்டம் எங்கும் உட்புகுத்துவதில்லை என்பதை அறிந்த பின் மறுக்கட்டும். தந்தையின் அச்சத்துக்காக மறுக்கவேண்டாம்.

மேற்கூறியவை பெரும்பாலும் மத்திய அரசைப் பற்றியன. கியூபெக் மாகாண அரசுக்குத் தனிப் படிவமும் தனி இணையத்தளமும் உண்டு. அங்கே பிரெஞ்சே மொழி. 2002இல் ரொக்ஸ்பரோ மொன்றியலுடன் இணைந்தபின், நூலகத்திலோ பூங்காவிலோ கோடைகால வேலை தேடும் மாணவர் விண்ணப்பிக்கவேண்டியது மொன்றியல் மாநகரத்துக்கே. ஒன்றுக்கு எழுதியதை மற்றொன்றுக்கு அப்படியே பிரதிசெய்து அனுப்புவது கூடாது. தகைமைப் பட்டியல் வேறு, ஆதலால் சான்றுகளும் வேறு.

விண்ணப்பத்தை அனுப்பியவுடன் விளம்பரத்தையும் தாம் எழுதிய விடைகளையும் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடிவுத் திகதி கடந்ததும் விளம்பரம் தளத்திலிருந்து அகற்றப்பட்டுவிடும். நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வர மாதங்கள் செல்லலாம். அன்று வினவப்படுவதும் அதே தகைமைப் பட்டியலிலிருந்துதான்.