செயலிழந்த கணிப்பொறியின் வன்தட்டிலிருந்து பதிவேடுகளை மீட்டல்

ஒரு வேளாண் களநிலையத்தில் பத்தாண்டுகளாகக் குறிக்கப்பெற்ற மழையளவுகளும் மண் ஆய்வு முடிவுகளும் ஒரே கணிப்பொறியில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன எனக் கொள்க. ஒரு நாள் காலையில் பொத்தானை அழுத்தியும் அப்பொறி இயங்கவில்லை. பழுது பார்ப்பவர், மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகை எரிந்துவிட்டது என்கிறார். இத்தகைய வேளையில், பதிவேடுகளும் அழிந்தன என்று கருதிப் பொறியைக் கழிவுப் பொருள்களோடு சேர்த்துவிடுவோர் பலர். இக்கருத்துப் பெரும்பாலும் தவறானது. அலமாரியின் பூட்டுப் பழுதானால் உள்ளிருக்கும் ஏடுகள் பழுதாவதில்லை. அதுபோலவே, தாய்ப்பலகை கெட்டாலும் வன்தட்டு நலமாக இருக்கக்கூடும். அதனைக் கழற்றி, ‘அடாப்டர்’ என வழங்கும் இணைப்புக் கருவியின் வாயிலாக வேறொரு கணிப்பொறியுடன் பொருத்திப் பதிவேடுகளைப் படியெடுத்துக் கொள்ளலாம்.

வன்தட்டின் அமைப்பு

வன்தட்டுக் கருவியை முதன்முதலாக 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்டனர். 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளைக் கொண்ட அக்கருவி 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கியது. இன்று உள்ளங்கையில் அடங்கும் கருவி அதனினும் இலட்சம் மடங்கு தாங்குகிறது. ஆயினும் அடிப்படை மாறவில்லை. காந்தப் பூச்சுடைய தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றின்மேல், சில நானோமீட்டர் இடைவெளியில், படிக்கும் முனை காற்றில் மிதந்து செல்கிறது. தலைமயிரின் தடிமனில் இது பல்லாயிரத்தில் ஒரு பங்கேயாகும். ஒரு தூசித் துகளும் முனையைத் தட்டோடு மோதச் செய்யும். ஆதலின் வன்தட்டின் மூடியைத் திறத்தலும், சுழலும்போது அதனை அசைத்தலும் ஒருபோதும் கூடா.

அடாப்டரைத் தெரிந்தெடுத்தல்

வன்தட்டும் யூ.எஸ்.பி. துளையும் செய்தியைப் பரிமாறும் முறைகள் வெவ்வேறானவை. அடாப்டரினுள் அமைந்த சிறு சில்லு, இருவரிடையே நின்று பேசும் மொழிபெயர்ப்பாளனைப் போல, ஒன்றின் கட்டளையை மற்றொன்றிற்கு மாற்றித் தருகிறது. எனவே, வன்தட்டின் வகையை முதலில் அறிதல் வேண்டும்.

(1) ஐ.டி.இ. வகை: பழைய கருவிகளில் காணப்படுவது. மேசைக் கணிப்பொறியின் தட்டில் 40 ஊசி இணைப்பும், மடிக் கணிப்பொறியின் தட்டில் 44 ஊசி இணைப்பும் அமைந்திருக்கும்.

(2) சாட்டா வகை: 2003-ஆம் ஆண்டிற்குப் பின் பரவியது. செய்திக்கு 7 தொடுமுனைகளும் மின்சாரத்திற்கு 15 தொடுமுனைகளும் உடையது. சுழலும் தட்டில்லாத எஸ்.எஸ்.டி. கருவிகள் பலவும் இவ்வகையினவே.

(3) எம்.2 வகை: குறுகிய பலகை போன்ற எஸ்.எஸ்.டி. இதனுள் சாட்டா, என்.வி.எம்.இ. என இரு பிரிவுகள் உண்டு. தோற்றத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றிற்கென அமைந்த அடாப்டர் மற்றொன்றைப் படிக்காது. ஆதலால் மேலொட்டிய சீட்டைப் படித்தறிந்த பின்னரே அடாப்டரை வாங்குதல் வேண்டும்.

மின்சாரம்

மடிக் கணிப்பொறியின் 2.5 அங்குலத் தட்டுக்கு 5 வோல்ட் போதும், அதனை யூ.எஸ்.பி. துளையே அளித்துவிடும். மேசைக் கணிப்பொறியின் 3.5 அங்குலத் தட்டோ, சுழல்வதற்கு 12 வோல்ட்டும் மின்சுற்றுக்கு 5 வோல்ட்டும் வேண்டுவது. ஆதலின் அதற்குத் தனி மின்வழங்கியுடன் கூடிய அடாப்டரே பயன்படும். இங்கு ஓர் எச்சரிக்கை. செருகி துளையில் பொருந்துவதனாலேயே மின்வழங்கி பொருத்தமானதாகி விடாது. மடிக் கணிப்பொறிக்குரிய 19 வோல்ட் வழங்கியை 12 வோல்ட் அடாப்டரில் செருகினால் அடாப்டரோடு தட்டும் எரிந்துபோகலாம். வழங்கியின்மீது அச்சிட்ட அளவைப் படித்தல் இன்றியமையாதது.

செய்முறை

(1) பழைய பொறியின் மின்கம்பியை நீக்குக. மடிக் கணிப்பொறியாயின் மின்கலத்தையும் நீக்குக. பொறியின் உலோகச் சட்டத்தைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக் கொள்க.

(2) திருப்புளியால் திருகாணிகளைக் கழற்றி, வன்தட்டின் ஓரங்களைப் பற்றி வெளியே எடுக்க.

(3) மரப்பலகை ஒன்றின்மேல் தட்டைச் சமமாக வைக்க. உலோக மேசையின்மேல் வைத்தால் அடியிலுள்ள மின்சுற்று மேசையைத் தொட்டுப் பழுதாகலாம்.

(4) அடாப்டரைப் பொருத்தி, மின்வழங்கி இருப்பின் அதனை இயக்குக. தட்டு சுழன்று நிலைபெறச் சில நொடிகள் காத்திருந்து, பிறகு யூ.எஸ்.பி. கம்பியைச் செருகுக.

(5) கோப்புகள் திரையில் தோன்றியதும் இன்றியமையாதவற்றை முதலிலும் ஏனையவற்றைப் பின்னரும் வேறொரு தட்டிற்குப் படியெடுக்க.

(6) வேலை முடிந்தபின், திரையில் தட்டை நீக்கும் கட்டளையைத் தந்து, சுழற்சி நின்ற பிறகே கம்பியைக் கழற்றுக.

500 ஜிகாபைட் அளவைப் படியெடுக்க, நொடிக்கு 30 மெகாபைட் செல்லும் பழைய யூ.எஸ்.பி. 2.0 துளையில் நாலரை மணி நேரத்திற்கு மேலாகும். 100 மெகாபைட் செல்லும் யூ.எஸ்.பி. 3.0 துளையில் ஒன்றரை மணி நேரத்திற்குள் முடியும். மின்தடை மிகுந்த ஊர்களில் இக்கணக்கை முன்னரே போட்டுக்கொள்ளுதல் நன்று.

செய்யத் தகாதவை

பதிவேடுகள் இழக்கப்படுவது தட்டின் பழுதால் மட்டுமன்று. மீட்க முனைவோரின் அவசரத்தாலும் நேர்வதுண்டு. தட்டின் கோப்பு முறையைப் புதிய கணிப்பொறி அறியாவிடில், ‘இத்தட்டை ஃபார்மட் செய்யவேண்டும், செய்யலாமா?’ என்று திரை வினவும். லினக்ஸ் முறையில் எழுதப்பெற்ற தட்டை விண்டோஸ் பொறியில் இணைத்தால் இவ்வினா எழுவது இயல்பு. கேள்வி எழுந்ததனால் தட்டு வெறுமையானது என்று எண்ணற்க. ‘ஆம்’ என்று விடையிறுத்தால் கோப்புகளின் அட்டவணையே அழியும். ‘வேண்டா’ என விடுத்து, லினக்ஸ் பொறியில் ‘படிக்க மட்டும்’ என்னும் முறையில் இணைத்துப் பார்க்க. படியெடுத்து முடியும்வரை தட்டின்மீது எதனையும் எழுதாதிருத்தலே இப்பணியின் தலையாய விதி.

பிட்லாக்கர் முதலிய மறையீட்டு முறையால் பூட்டப்பெற்ற தட்டாயின், உரிய 48 இலக்க மீட்புத் திறவி இன்றிப் படிக்க இயலாது. கணிப்பொறி நலமாக இருக்கும்போதே அதனை எழுதி வைத்தல் வேண்டும்.

தட்டு ‘டக், டக்’ என்று மீண்டும் மீண்டும் ஒலிக்குமாயின் படிக்கும் முனை பழுதுற்றிருக்கலாம். உடனே மின்சாரத்தை நிறுத்துக. மேன்மேலும் முயல்வது தட்டின் பூச்சைச் சுரண்டி, வல்லுநரும் மீட்க இயலாத நிலைக்குக் கொண்டுசெல்லும்.

ஆசிரியர்களுக்கு

மீட்பதற்கு ஒன்றுமில்லாத தட்டு வகுப்பறைக்கு நல்ல கருவியாகும். அதன் மூடியைக் கழற்றினால் கண்ணாடிபோல் மின்னும் தட்டையும், படிக்கும் முனையையும், அதனை அசைக்கும் வலிய காந்தங்களையும் மாணவர் நேரில் காணலாம். காந்தங்கள் விரலை நசுக்காவண்ணம் கையாள்க. 2.5 அங்குலக் கருவிகளின் தட்டுகள் பல கண்ணாடியால் ஆனவை, வளைத்தால் சிதறும்.

மீட்ட பதிவேடுகளை மீண்டும் ஒரே தட்டில் வைத்தல் பழைய தவற்றையே திரும்பச் செய்வதாகும். ஒரு படி அலுவலகத்திலும், மற்றொரு படி வேறு கட்டடத்திலும் இருக்கட்டும். ஒரு பருவத்தில் பெய்த மழையை மற்றொரு பருவத்தில் அளந்து எழுத ஒருவராலும் இயலாதன்றோ!