மாற்றக் குறிப்பு எழுதும் முறை

மென்பொருளை ஆக்குவோர் ஒரு சாரார்; அதனைப் பொதியாகக் கட்டி, பிறர் கணினியில் நிறுவத்தக்கதாக்கிப் பேணுவோர் மற்றொரு சாரார். இவ்விரண்டாம் சாராரின் பணியில், சிறியதாகத் தோன்றினும் பெரும்பொறுப்பைச் சுமப்பது மாற்றப் பதிவேடு. அதனைப் பேணும் முறையை, 1993-இல் தொடங்கப்பெற்ற டெபியன் இயங்குதளத்தைக் கொண்டு விளக்க முற்படுகிறேன். இத்திட்டத்தினரின் ஆண்டு மாநாடு 2023-இல் நமக்கு அண்மையிலுள்ள கொச்சியில் நடைபெற்றது. கணினித் திரையில் தமிழைக் காட்டும் லோஹித் தமிழ் எழுத்துருவும் டெபியனில் ஒரு பொதியே.

ஒரு பதிவின் உறுப்புகள் மூன்று. முதலாவது தலைவரி: பொதியின் பெயர், பதிப்பெண், எந்த வெளியீட்டுக்குச் செல்கிறது என்பது, அவசர நிலை ஆகியன இதில் இடம்பெறும். இரண்டாவது, உடுக்குறியிட்டு எழுதப்படும் மாற்றங்கள். மூன்றாவது, பேணுநரின் பெயர், மின்னஞ்சல், நாள், நேரம். புதிய பதிவு எப்போதும் மேலே நிற்கும். பதிப்பெண் 2.91.3-1 என்றிருப்பின், சிறுகோட்டுக்கு முன்னுள்ளது ஆக்கியோர் இட்ட எண். பின்னுள்ளது பொதி கட்டியோர் இட்ட எண். மூலம் மாறாமல் பொதி மட்டும் திருத்தப்பட்டால் 2.91.3-2 ஆகும். பொதி கட்டும் கருவிகள் பதிப்பெண்ணை இவ்வேட்டிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. வழுவின் எண்ணை ‘குளோசஸ்’ என்னும் சொல்லுடன் உரிய வடிவில் எழுதினால், பொதி ஏற்கப்பட்டதும் அம்முறையீடு தானே மூடப்படும்.

இனி, சிக்கல் எங்கே எழுகிறது? 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய கிட் போன்ற கருவியில் இருவர் தனித்தனிக் கிளைகளில் பணிபுரிகின்றனர் எனக் கொள்வோம். இருவரும் ஏட்டின் தலைப்பகுதியிலேயே வரி சேர்ப்பர். கிளைகளை இணைக்கும்போது, நிரலில் முரண் இல்லாவிடினும் ஏட்டில் முரண் தோன்றும்.

இதற்கு வழிகள் இரண்டு. முதல் வழி, டிபிகேஜி-மெர்ஜ்சேஞ்ச்லாக்ஸ் என்னும் கருவியிடம் இணைப்பை ஒப்படைப்பது. அது பதிவுகளைப் பதிப்பு வாரியாகப் பிரித்தறிந்து சேர்க்கும். இரண்டாம் வழி, அன்றாடம் ஏட்டைத் தொடாமல், ஒவ்வொரு கமிட்டுக்கும் நல்ல குறிப்பு எழுதிவைத்து, வெளியீட்டின்போது ‘ஜிபிபி டிசிஎச்’ என்னும் கட்டளையால் அவற்றைத் திரட்டுவது. வேண்டாதவற்றை விலக்கவும் அதில் வழியுண்டு. நான் இரண்டாம் வழியையே பரிந்துரைப்பேன். ஆனால் ஒரு நிபந்தனை. திரட்டியதை அப்படியே வெளியிடலாகாது. கமிட் குறிப்பு உடன் பணியாற்றுவோருக்கு உரியது. பதிவேடு பயன்படுத்துவோருக்கு உரியது. “எழுத்துப்பிழை திருத்தம்”, “மறுபடியும் திருத்தம்”, “சோதனை சரி” என்னும் மூன்று வரிகளால் பயனர்க்கு என்ன பயன்? “நிறுவியபின் எழுத்துருப் பட்டியல் புதுப்பிக்கப்படாத குறை நீக்கப்பட்டது” என்னும் ஒரு வரியே அவருக்குப் போதும்.

இது கணினித் துறைக்கு மட்டுமே உரிய வழக்கமன்று. நான் வசிக்கும் சனத்நகரின் பெயரிலுள்ள ‘சனத்’ என்னும் உருதுச் சொல்லுக்குத் தொழில் என்பது பொருள். பெயருக்கேற்ற தொழிற்பேட்டையும் இங்குண்டு. பொறியியல் வரைபடம் எதனையேனும் எடுத்துப் பாருங்கள். அதன் மூலையில் திருத்த எண், நாள், மாறியது யாது, ஒப்பமிட்டவர் யார் என ஒரு கட்டம் இருக்கும். அதைப் பாராமல் பழைய அளவுக்குக் கடைந்த உறுப்பு இயந்திரத்தில் பொருந்துமா?

மென்பொருளில் இதன் விளைவு இன்னும் கடுமையானது. டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில் செய்யப்பட்ட ஒரு மாற்றம், மறையாக்கச் சாவிகளை எளிதில் ஊகிக்கத்தக்கனவாக்கிவிட்டது. 2008 மே 13 அன்று வந்த எச்சரிக்கை, குறையுள்ள முதற்பதிப்பு 0.9.8c-1 என்றும், அது 2006 செப்டம்பர் 17-இல் ஏற்றப்பட்டது என்றும் கூறி, அப்பதிப்பு முதல் டெபியனில் ஆக்கிய சாவிகளை மாற்றுமாறு வேண்டியது. பதிவேடு அத்தவற்றைத் தடுக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும், பதிப்பும் நாளும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தமையால், எந்தச் சாவி ஐயத்துக்குரியது என்பதை ஒவ்வொருவரும் தாமே அறிய முடிந்தது.

ஆகவே நண்பர்களே, பொதியொன்றைப் பேண முன்வரும்போது மூன்றை மறவாதீர்கள்: என்ன மாறியது என்பதோடு ஏன் மாறியது என்பதையும் எழுதுங்கள், வழு எண்ணைக் குறியுங்கள், வெளியான பதிவைப் பின்னர் மாற்றாமல், திருத்தத்தைப் புதிய பதிவாகவே சேருங்கள். நம்மை அறியாத ஒருவர், பல ஆண்டுகளுக்குப் பின் நம் வரியை நம்பி முடிவெடுக்கக்கூடும்.