ஆயில் என்ஜின் சுற்றுகிறது, ஆனால் ஓடவில்லை: விவசாயிகள் தாங்களே கண்டறியலாம்

நெற்பயிரில் கதிர் வெளிவரும் தருணத்தில் வயல் காய்ந்தால் பதர் மிகுந்து மகசூல் குறையும். அந்த நேரம் பார்த்து ஆயில் என்ஜின் தகராறு செய்தால் விவசாயி திகைத்துப் போகிறார். ஹேண்டில் போட்டுச் சுற்றினால் சக்கரம் நன்றாகச் சுற்றுகிறது. என்ஜின் மட்டும் ஓடுவதில்லை. மெக்கானிக் வருவதற்குள் இரண்டு, மூன்று நாட்கள் வீணாகி விடுகின்றன. ஆனால் இக்கோளாறுக்குப் பெரும்பாலும் காரணம் சிறியதாகவே இருக்கும். முறையாக ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தால், ஒரு ஸ்பானரும் சிறிது பொறுமையும் கொண்டு விவசாயிகள் தாங்களே இதைச் சரிசெய்து கொள்ளலாம்.

டீசல் என்ஜின் எப்படிப் பற்றுகிறது?

பெட்ரோல் என்ஜினில் உள்ளது போல் டீசல் என்ஜினில் பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ 16 முதல் 18-ல் ஒரு பங்காக அழுத்துகிறது. அழுத்திய காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் நாசில் வழியே டீசல் பனிபோல் பீச்சப்பட்டதும் தானே பற்றிக் கொள்கிறது.

ஆகவே என்ஜின் ஓடுவதற்கு மூன்று தேவை: சுத்தமான டீசல், போதிய காற்று, குறையாத அழுத்தம். இம்மூன்றில் எது இல்லை என்று கண்டுபிடிப்பதே வேலை.

முதலில் புகையைப் பாருங்கள்

ஒருவர் ஹேண்டிலைச் சுற்றும்போது மற்றொருவர் புகைபோக்கியைக் கவனிக்க வேண்டும். புகையே இல்லையென்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை என்று பொருள். வெண்மையான புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. அப்போது அழுத்தம் குறைவு, டீசலில் தண்ணீர் கலப்பு, நாசில் கோளாறு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். மெதுவாகச் சுற்றும்போது நாசிலில் 'கிர்க்' என்ற ஓசை கேட்டால் டீசல் பீச்சப்படுகிறது என்று அறியலாம்.

டீசல் வரும் வழி

டேங்கில் டீசல் இருக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா, என்ஜினை நிறுத்தும் லீவர் ஓடும் நிலையில் இருக்கிறதா என்று பார்க்கவும். அவசரத்தில் இவற்றை மறந்து விட்டு மெக்கானிக்கைத் தேடுவோர் பலர். டேங்க் மூடியில் உள்ள சிறு துளை அடைபட்டாலும் டீசல் இறங்காது. டேங்கின் அடியில் தண்ணீர் தங்கியிருந்தால் அதை வடித்துவிட வேண்டும். பில்டர் அழுக்கேறியிருந்தால் மாற்ற வேண்டும்.

டேங்க் வற்றும் வரை ஓட்டிய என்ஜினிலும், பில்டரைக் கழற்றி மாட்டிய என்ஜினிலும் டீசல் குழாய்க்குள் காற்று புகுந்து விடும். இதுவே 'ஏர் லாக்' எனப்படுவது. காற்று இருக்கும் வரை எவ்வளவு சுற்றினாலும் என்ஜின் ஓடாது. அதை வெளியேற்றும் முறை இது:

1. டேங்கை நிரப்பிக் குழாயைத் திறக்கவும்.

2. பில்டரின் மேலுள்ள காற்றுத் திருகைச் சிறிது தளர்த்தவும். முதலில் நுரையும் குமிழியுமாக டீசல் வரும். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் திருகை இறுக்கவும்.

3. டீசல் பம்பில் உள்ள காற்றுத் திருகிலும் இவ்வாறே செய்யவும்.

4. நாசிலுக்குச் செல்லும் குழாயின் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி, ஹேண்டிலைச் சுற்றவும். டீசல் விட்டு விட்டுத் துள்ளி வந்ததும் நட்டை இறுக்கவும்.

நாசிலிலிருந்து டீசல் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 200 கிலோ அழுத்தத்தில் பாய்கிறது. இது தோலைத் துளைத்து உள்ளே போகும். எனவே பீச்சலைக் கையால் சோதிக்கவே கூடாது. அப்படிப் பாய்ந்துவிட்டால், காயம் ஊசி முனை அளவே இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காற்றும் அழுத்தமும்

பல மாதம் சும்மா கிடந்த என்ஜினில் புகைபோக்கிக்குள் எலி வைக்கோலைச் சேர்ப்பதும், குளவி மண் கூடு கட்டுவதும் உண்டு. புகை வெளியேற வழியில்லாவிட்டால் புதுக் காற்றும் உள்ளே வராது. ஏர் பில்டரையும் கழற்றிப் பார்த்துச் சுத்தம் செய்யவும்.

அடுத்து அழுத்தம். நிறுத்தும் லீவரை மூடிய நிலையில் வைத்து, டிகம்ப்ரஷன் லீவரை விடுவித்துச் சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்பவும். ஓரிடத்தில் சக்கரம் ஸ்பிரிங் போல் எதிர்த்துத் திரும்பித் தள்ள வேண்டும். தடையின்றிச் சுற்றினால் அழுத்தம் கசிகிறது. 'உஸ்' என்ற ஓசை ஏர் பில்டரில் கேட்டால் காற்று வால்வு, புகைபோக்கியில் கேட்டால் புகை வால்வு, என்ஜின் ஆயில் ஊற்றும் துளையில் கேட்டால் பிஸ்டன் ரிங், ஹெட்டின் ஓரத்தில் கேட்டால் கேஸ்கட் பழுது என்று அறியலாம்.

வால்வின் இடைவெளி இல்லாமற் போனாலும் வால்வு முழுதும் மூடாது. என்ஜின் ஆறியிருக்கும்போது கையேட்டில் சொன்ன அளவுக்கு அதைச் சரிசெய்யவும். நெடுநாள் ஓடாத என்ஜினில் ரிங்குகள் உலர்ந்திருக்கும். காற்று வரும் வழியில் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு, டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பலமுறை சுற்றினால் அழுத்தம் ஓரளவு திரும்பும். இதற்கு மேல் ஊற்றுவது ஆபத்து.

தொடக்கூடாதவை

டீசல் பம்பின் அடியில் உள்ள மெல்லிய தகடுகளே டீசல் பாயும் நேரத்தை நிர்ணயிக்கின்றன. ஓடிக்கொண்டிருந்த என்ஜினில் இந்த நேரம் திடீரென்று மாறுவதில்லை. எனவே பம்பைக் கழற்ற வேண்டாம். நாசிலைப் பிரிப்பதும், வால்வு, ரிங் வேலைகளும் மெக்கானிக்குக்கு உரியவை. என்ன பார்த்தோம், ஓசை எங்கே கேட்டது என்று அவரிடம் சொன்னால் நேரமும் கூலியும் மிச்சமாகும்.

காற்று வரும் வழியில் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டக் கூடாது. ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும். என்ஜின் திருப்பி அடித்தால் கை தப்பும். வேட்டி நுனியையும் துண்டையும் இறுகக் கட்டிக்கொள்ளவும். நீர்மட்டம் இறங்கியதென்று என்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்ட வேண்டாம். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. கிணற்றில் தேங்கி, இறங்குவோரின் உயிரைக் குடித்துவிடும்.

டேங்கை முழுதும் வற்ற விடாமலும், டீசலைத் துணியில் வடிகட்டி ஊற்றியும், பருவம் முடிந்ததும் புகைபோக்கியின் வாயை டப்பாவால் மூடியும் வைத்தால், இத்தொல்லையில் பெரும்பகுதி வராமலே போகும். மறுபடி ஓட்டும்போது டப்பாவை எடுக்க மறக்க வேண்டாம்.